கொலுப்படிக்குக் கீழே ஒரு போர்

கலிஃபோர்னியாவில், எங்கள் ஃப்ரீமான்ட்டில் நவராத்திரி பண்டிகை இல்லை, பரீட்சை. தமிழ்ச் சங்கத்திலிருந்து நடுவர்கள் வீடு வீடாக வருவார்கள். கொலுவை முன்னாலிருந்தும் பக்கவாட்டிலும் படம் எடுப்பார்கள், போனில் மதிப்பெண் போடுவார்கள், சுண்டலைச் சாப்பிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குக் காரைக் கிளப்புவார்கள். படியில் இருக்கும் பொம்மைகளுக்கு மதிப்பெண் கிடையாது. எல்லார் வீட்டிலும் ஒரே பொம்மைகள்தாம். சென்னையில் ஒரே தெருவில் வாங்கி, பழைய புடவையில் சுற்றி, பெட்டிக்குள் மூக்கு உடைந்து வந்து சேர்ந்தவை. மதிப்பெண் எல்லாம் ‘தீமு’க்குத்தான். படிகளுக்குக் கீழே தரையில் விரிக்கிற காட்சிக்கு இங்கே அதுதான் பெயர். நான் சொல்லப்போகும் வருடத்துக்கு முந்தின வருடம் முதல் பரிசு வாங்கிய வீட்டில் ஒரு விமான நிலையமே இருந்தது. இமிக்ரேஷன் கவுன்டருக்கு முன்னால் ஒரு தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை நின்று, கேட்காத கேள்விக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தது. அதை மட்டும் நான் மனதார ரசித்தேன்.

எங்கள் வீட்டுக்கு அதுவரை ஆறுதல் பரிசுகூட வந்ததில்லை. என் வீட்டுக்காரருக்கு அது பெரிய உறுத்தல். அந்த வருட வசந்தத்தில் எங்கள் இருவருக்கும் சிட்டிசன்ஷிப் கிடைத்தது. மறுநாளே கராஜுக்கு மேலே கொடி ஏறியது. தெருவில் வேறெந்த வீட்டிலும் இல்லாத அளவுக்குப் பெரிய கொடி. காற்றடித்தால் படபடவென்று அடித்து, என் மதியத் தூக்கத்தைக் கெடுத்தது. ஆகஸ்டில் தீமையும் அறிவித்துவிட்டார்.

“இந்த வருஷம் வேர்ல்ட் வார் டூ. அமெரிக்கா எப்படி உள்ள வந்துச்சு, எப்படி ஜெயிச்சுது, இங்க ஜனங்க எப்படி சப்போர்ட் பண்ணாங்க, எல்லாம் காட்றோம். வார் முடிஞ்சு எண்பது வருஷம் ஆகுது, கரெக்ட் டைமிங். எந்தத் தமிழ் வீட்லயும் இந்த ஐடியா வந்திருக்காது.”

“வந்திருக்காதுதான்” என்றேன். “அவங்களுக்கெல்லாம் புத்தி இருக்கு.”

இவர் காதில் வாங்கவில்லை. தசாவதாரத்தில் கூர்மம் முன்னாலா வராகம் முன்னாலா என்று கேட்டால் முழிப்பார். எந்தப் போர் விமானத்துக்கு எத்தனை எஞ்சின் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். வார இறுதி முழுக்க டிவியில் கறுப்பு வெள்ளைப் போர்ப் படங்கள்தாம் ஓடும். சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்தால், கப்பல் மூழ்கி முடியும்வரை ரசத்துக்கு வரமாட்டார்.

சும்மா சொல்லக் கூடாது, மனிதர் உழைத்தார். ஒரு பக்கம் பசிபிக் கடல். நீலக் கண்ணாடித் தாளில் துறைமுகம், அதில் சாய்ந்து எரிகிற கப்பல்கள். இன்னொரு பக்கம் ஐரோப்பா. மூட்டை மணல் கொட்டிக் கடற்கரை போட்டு, அதில் பச்சை நிறப் பிளாஸ்டிக் சிப்பாய்களைத் தவழவிட்டார். நடுவில் உள்நாடு. தலையில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு தொழிற்சாலையில் வேலை செய்த பெண்களுக்கு, மகள் விளையாடி ஓய்ந்த பொம்மைகள் கைகொடுத்தன. போர்க் காலத்தில் வீட்டுக்கு வீடு காய்கறித் தோட்டம் போட்டார்களாம். அதற்கு ஒரு தட்டில் வெந்தயம் முளைக்க வைத்தார். அது ஒன்றுதான் உருப்படியாக வந்தது.

கடைசியில் அந்தப் பஞ்சு. கம்பிச் சட்டம் அடித்து, பொதி பொதியாகப் பஞ்சு சுற்றி, என் இடுப்பு உயரத்துக்கு ஒரு அணுகுண்டுக் காளான். உள்ளே எல்ஈடி விளக்குகள். போனைத் தொட்டால் முதலில் வெள்ளையாக ஒரு மின்னல், பிறகு ஆரஞ்சு, பிறகு சிவப்பு. ஸ்பீக்கரில் சத்தம் வேறு. மேலே நூலில் ஒரு வெள்ளி நிற அமெரிக்க விமானம் தொங்கியது. உச்சிப் படியில் மகிஷனைக் காலடியில் போட்டுக்கொண்டு அம்பாள் உட்கார்ந்திருந்தாள், கீழே இது.

சென்னையிலிருந்து வீடியோ காலில் மாமியார் பார்த்தார். “கண்ணா, தத்ரூபமா இருக்குடா. திருஷ்டி சுத்திப் போடச் சொல்லு அவள” என்றார். அவர் இதுவரை எத்தனை அணுகுண்டைப் பார்த்திருக்கிறார் என்று கேட்க வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

எனக்கு இருந்த கவலை வேறு. “பக்கத்து வீட்டு ஆன்ட்டி முதல் நாளே வருவாங்க. அந்தப் பஞ்சை மட்டுமாவது எடுத்துடுங்க” என்றேன்.

“ஏன்? அவங்க இங்கயே பொறந்தவங்க. ஜப்பான்லாம் பாத்ததுகூட இல்லன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. அமெரிக்கன்தானே? அவங்களுக்கு என்ன ப்ராப்ளம்?”

கேட்டுப் பார்த்தால் நியாயமாகத்தான் இருந்தது.

பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு எண்பதைத் தாண்டிய வயது. ஜப்பானிய வம்சம், கலிஃபோர்னியப் பேச்சு. தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். இந்தத் தெருவில் எனக்கென்று இருந்த ஒரே சிநேகிதி அவர்தான். எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனபோது, தமிழ்த் தோழிகள் ஆன்லைனில் அட்டவணை போட்டு, ஆள் மாற்றி ஆள் சாம்பார் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். அதைக் குறை சொல்லவில்லை, எல்லாருக்கும் வேலை இருக்கிறது. ஆனால் எந்த அட்டவணையிலும் இல்லாமல் உள்ளே வந்து, சிங்க்கில் குவிந்திருந்த பாத்திரங்களைத் துலக்கி, என் தலையை வாரிப் பின்னிவிட்டுப் போனவர் ஆன்ட்டி. பின்னல் கோணலாக இருந்தது. மூன்று நாள் அதைப் பிரிக்க எனக்கு மனசு வரவில்லை.

ஒவ்வொரு கொலுவுக்கும் குங்குமச் சிமிழோடு போய் அழைப்பேன். முதல் நாள் மாலையே வந்துவிடுவார். யாரும் சொல்லாமலே வாசலில் ஷூவைக் கழற்றுவார். முட்டி வலி என்று எங்கள் பெண்கள் சோபாவைத் தேடுகிற வீட்டில், எண்பது வயதுக்காரர் தரையில் மடித்து உட்கார்ந்து, ஒவ்வொரு பொம்மையாகப் பார்ப்பார். இது யார், இவள் ஏன் சிங்கத்தின்மேல் இருக்கிறாள் என்று கேட்பார். நெற்றியில் நான் வைக்கிற குங்குமத்தை மறுநாள் காலைவரை அழிக்கமாட்டார்.

அந்த வருடமும் வந்தார். வீடு நிறையப் பட்டுப்புடவைகள். யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். ஆன்ட்டி வழக்கம்போல் தரையில் உட்கார்ந்து மேல் படியிலிருந்து பார்த்துக்கொண்டே இறங்கி, தரைக்கு வந்தார். பார்வை அங்கேயே நின்றுவிட்டது. அவர் ரசிக்கிறார் என்று இவர் நினைத்துவிட்டார். “ஆன்ட்டி, இதைப் பாருங்க” என்று போனைத் தொட்டார்.

வெள்ளை மின்னல், ஆரஞ்சு, சிவப்பு. சத்தத்தில் படியில் இருந்த செட்டியார் பொம்மைகூட அதிர்ந்தது. பிள்ளைகள் குதித்தன. பெண்கள் கைதட்டினார்கள். “வாவ், ஆட்டோமேட்டிக்கா?” என்று ஒருத்தி கேட்டாள்.

ஆன்ட்டி கைதட்டவில்லை என்பதை இவர் அப்போதுதான் கவனித்தார். கவனித்துவிட்டாவது பேசாமல் இருந்திருக்கலாம். பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பெரிய மனது பண்ணுகிறவர் தோரணையில் ஆங்கிலத்தில் ஆறுதல் சொன்னார்: “தப்பா எடுத்துக்காதீங்க ஆன்ட்டி. அதுக்கப்புறம் உங்க நாடு எவ்வளவு முன்னேறிடுச்சு! எங்க வீட்டு ரெண்டு காரும் உங்க நாட்டு கார்தான்.”

முந்தின வாரம் அமெரிக்கன் என்று என்னிடம் சொன்ன அதே வாய்தான்.

“என் நாடா?” என்றார் ஆன்ட்டி. சத்தமாகச் சொல்லவில்லை. விரலை நீட்டி, நூலில் ஆடிக்கொண்டிருந்த விமானத்தைக் காட்டினார். “என் நாடு அதோ, மேலே இருக்கிறது.”

இவருக்குப் புரியவில்லை, சிரித்து வைத்தார். ஆன்ட்டி மணலில் தவழ்ந்த சிப்பாய்களில் ஒருவனை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். “என் அண்ணன் இவனைவிடக் குள்ளம். அவன் காலுக்குச் சரியான பூட்ஸே கிடைக்கவில்லையாம்” என்றார்.

“உங்க அண்ணன் சோல்ஜரா? எந்த ஆர்மியில ஆன்ட்டி?” என்று இவர் ஆர்வமாகக் கேட்டார்.

பாடிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். ஆன்ட்டி சிப்பாயை எடுத்த இடத்திலேயே வைத்தார். “எங்களுக்கு ஒரே ஆர்மிதான் இருந்தது” என்றார். குங்குமம் வைத்துக்கொண்டார், வெற்றிலை பாக்கும் சுண்டல் டப்பாவும் வாங்கிக்கொண்டார், ஷூவை மாட்டிக்கொண்டு போய்விட்டார். எல்லாரும் போனபிறகு இவர் என்னிடம், “ஆன்ட்டி கொஞ்சம் மூட் ஆஃப் போல” என்றார்.

மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போனேன். நான் மன்னிப்புக் கேட்பதற்குள் டீ ஊற்றிக் கொடுத்து உட்காரச் சொன்னார். அத்தனை வருடப் பழக்கத்தில் அவர் சொல்லாத கதையை அன்றைக்குத்தான் சொன்னார். சொல்வதற்கு நாங்கள்தான் காரணம் கொடுத்திருந்தோமே.

அவர் அப்பா இந்தப் பக்கத்தில்தான் பூந்தோட்டம் வைத்திருந்தார். கார்னேஷன் பூ. ஜப்பான் வந்து அமெரிக்கத் துறைமுகத்தில் குண்டு போட்டதும், இங்கே ஜப்பானிய முகம் இருந்தவர்களையெல்லாம் கையில் தூக்க முடிந்ததோடு கிளம்பச் சொன்னார்கள். பிறந்தது இந்த நாடு என்பதெல்லாம் எடுபடவில்லை. விரிகுடாவுக்கு மேற்கே ஒரு குதிரைப் பந்தய மைதானத்துக்குக் கொண்டுபோய், குதிரைகள் நின்ற கொட்டடியில் குடும்பங்களை அடைத்தார்கள். சாணத்தின்மேலேயே சுண்ணாம்பு அடித்திருந்ததாம். வெயில் ஏறினால் நாற்றம் தாங்காதாம். ஆன்ட்டி அப்போது அம்மா வயிற்றில். அந்த இடத்தில் பிற்பாடு ஷாப்பிங் மால் வந்தது. வருடக் கடைசித் தள்ளுபடியில் நானே அங்கே மகளுக்கு ஜாக்கெட் வாங்கியிருக்கிறேன்.

அங்கிருந்து பாலைவனத்தில் ஒரு முகாம். முள்வேலி, காவல் கோபுரம். ஆன்ட்டி அங்கேதான் பிறந்தார். அவருடைய பெரிய அண்ணன் அந்த வேலிக்குள்ளிருந்துதான் அமெரிக்க ராணுவத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் போனான். இத்தாலியில் செத்தான். மடித்த கொடியை எடுத்துக்கொண்டு அதிகாரிகள் முகாமுக்கே வந்தார்களாம். மகன் எந்த நாட்டுக்காகச் செத்தானோ அந்த நாட்டின் காவலுக்குள் நின்றுகொண்டு அவன் அம்மா கொடியை வாங்கினாள்.

“போகும் முன்னால் அண்ணன் என்னைத் தூக்கி வைத்திருந்தானாம். எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?” என்றார் ஆன்ட்டி. பிறகு டீக்கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்துவிட்டு, “அப்பாவுக்கு ஒரே தங்கை. கல்யாணம் ஆகி ஜப்பானில் இருந்தாள், ஹிரோஷிமாவில். அப்பா அவளைப் பற்றிப் பேசவே மாட்டார்” என்றார்.

நான் அழுதேன். அவர் அழவில்லை. “நீ ஏன் அழுகிறாய்? நீ அப்போது இங்கே இல்லையே” என்றார். அது ஆறுதலா, குத்தலா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முகம் சுருங்கியது. ஒத்துக்கொள்கிறேன், மனிதர் கல் இல்லை. “எனக்குத் தெரியாதே. டாக்குமென்டரில இதெல்லாம் வரலையே” என்றார்.

மாடியிலிருந்து மகள் எட்டிப் பார்த்து, “அப்பா, வீ லர்ன்ட் இட் இன் ஃபிஃப்த் கிரேட்” என்று சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

“அந்தப் பஞ்சை இப்பவே எடுங்க” என்றேன்.

“கொலுவ நடுவுல கலைக்கக் கூடாது.”

“பஞ்சும் எல்ஈடியும் எந்த சாஸ்திரத்துல வருது?”

அம்மாவைக் கூப்பிட்டார். வீடியோவில் மாமியார், “விஜயதசமி முடியாம கை வெக்கக் கூடாதும்மா. குடும்பத்துக்கு ஆகாது” என்று தீர்ப்புச் சொன்னார். குண்டு போட்டால் ஆகும், எடுத்தால் ஆகாது. போனை வாங்கி வைத்தேன்.

“சனிக்கிழமை ஜட்ஜஸ் வராங்க. இவ்வளவு வேலை பண்ணியிருக்கேன். அதோட...” என்று இழுத்தார். குரல் இறங்கியது. “இப்ப நெலம சரியில்ல. நம்ம வீட்ல இப்படி ஒரு விஷயம் இருக்குறது நல்லதுதான். யாராவது பாத்தா, நாம எந்தப் பக்கம்னு தெரியும்ல.”

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. இந்தக் கொடி, இந்த மணல், இந்தக் கப்பல்கள் எதுவும் சந்தோஷத்தில் வந்தவை இல்லை. பயத்தில் வந்தவை. கோடையில் பெட்ரோல் பங்க்கில் ஒருவன் இவரைப் பார்த்து, ஊருக்குப் போய்ச் சேர் என்று கத்தினான். வீட்டுக்கு வந்து அதை ஜோக்காகத்தான் சொன்னார். எனக்கு இவர்மேல் பாவமாகவும் இருந்தது, அறையலாம் போலவும் இருந்தது.

“ஆன்ட்டியோட அண்ணன் எந்தப் பக்கம்னு உயிரக் கொடுத்துக் காட்டினான். அவங்க அம்மாவ வேலிக்கு வெளிய விட்டாங்களா?”

“அது அந்தக் காலம். இப்பல்லாம் அப்படி நடக்காது.”

“அப்ப எதுக்கு வாக்கிங் போகும்போதுகூட, சிட்டிசன்னு காட்றதுக்கு அந்த பாஸ்போர்ட் கார்டை பாக்கெட்ல வெச்சுக்கிட்டுப் போறீங்க?”

இவர் கை தானாகப் பேன்ட் பாக்கெட்டைத் தடவியது. அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை இவர் நடக்கப் போயிருந்தபோது, நானே பஞ்சைப் பிய்த்துக் குப்பைப் பையில் திணித்தேன். கம்பிச் சட்டத்தைக் கராஜில் போட்டேன். விமானத்தின் நூலை அறுத்தேன். அந்த இடத்தில் மணல் பரப்பி, வெந்தயத் தட்டை நகர்த்தி வைத்தேன். அம்பாளைப் பார்த்து, கோபம் இருந்தால் என்மேல் காட்டு என்று சொல்லிக்கொண்டேன். மனசு அப்படி லேசாக இருந்தது. ஆன்ட்டிக்காக நான் ஒன்று செய்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமை. திரும்பி வந்த இவர் கத்தினார். பிறகு மணியைப் பார்த்துவிட்டு அடங்கினார். நடுவர்கள் தெரு முனைக்கு வந்திருந்தார்கள்.

அவர்களுக்கு எங்கள் கொலு ரொம்பப் பிடித்துப்போனது. கடற்கரையைப் படம் எடுத்தார்கள், தொழிற்சாலைப் பெண்களைப் படம் எடுத்தார்கள். “வார் தீம்னு கேட்டதும் கொஞ்சம் பயந்தோம். ஆனா வயலன்ஸே இல்லாம, எவ்ளோ பாசிட்டிவா பண்ணியிருக்கீங்க! வெரி கிட் ஃப்ரெண்ட்லி” என்றார் அவர்களில் மூத்தவர். இவர் நெளிந்துகொண்டே நன்றி சொன்னார். முதல் பரிசு எங்களுக்குத்தான். விஜயதசமி அன்று மதியம் கோப்பை வீடு தேடி வந்தது. அதற்குள் இவருக்கு என்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. “நீ எடுத்ததும் ஒருவிதத்துல நல்லதுக்குத்தான்” என்று சொல்லித் தோளைத் தட்டினார்.

அன்று சாயங்காலம் வெற்றிலை பாக்கு, பழம், ரவிக்கைத் துணி எல்லாம் தட்டில் வைத்துக்கொண்டு ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன். முதல் நாளுக்குப் பிறகு அவர் எங்கள் பக்கம் வரவில்லை. வேலியோரம் பார்த்தாலும் கையை அசைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். பஞ்சை எடுத்ததைச் சொன்னால் சரியாகிவிடும், கையைப் பிடித்துக்கொள்வார், அடுத்த வருடம் வழக்கம்போல் தரையில் வந்து உட்கார்வார் என்று நம்பிக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்தவரிடம் அவசர அவசரமாகச் சொன்னேன். “அந்தக் குண்டை எடுத்துவிட்டேன் ஆன்ட்டி. நடுவர்கள் வருவதற்கு முன்பே. பிய்த்துப் போட்டுவிட்டேன். உங்களுக்காகத்தான்.”

“எடுத்துவிட்டாயா?” என்றார். “மற்றதெல்லாம்?”

“மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது.”

தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு, ஒரு குழந்தைக்கு விளக்குகிற மாதிரி பொறுமையாகச் சொன்னார். “அங்கே என் அம்மா இல்லை. அண்ணன் இல்லை. நாங்கள் இருந்த கொட்டடி இல்லை. எங்கள் குடும்பத்தில் என் அத்தை ஒருத்திதான் அங்கே இருந்தாள், அந்தப் பஞ்சுக்கு அடியில். அவளையும் எடுத்துவிட்டாய்.”

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன், அழுதிருப்பேன், இரண்டு பேரும் சமாதானம் ஆகியிருப்போம். எப்போதும்போல் இரண்டு கைகளாலும் தட்டிலிருந்ததை வாங்கிக்கொண்டார், நன்றி சொன்னார், குங்குமத்துக்கு நெற்றியைக் காட்டாமல் கதவைச் சாத்தினார். நான் வீட்டுக்குத் திரும்பியபோது, இவர் கோப்பையை உச்சிப் படியில் அம்பாளுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.